மணலுக்குள்ள ஒரு குடித்தனம்

'டைனோ...'ன்னு ஆரம்பிச்சா நம்மாளுங்க காதைத் தீட்டிக்கிட்டு உட்காருவாங்க. '...ஃபிளாஜெல்லேட்'னு முடிச்சா எழுந்து டீ குடிக்கப் போயிடுவாங்க. வீட்டில் ரெண்டு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தாச்சு, ஆபீஸ் நண்பர்களிடம் ஒரு தடவை. கேட்க ஆளில்லை. அதனால இங்கே. :-)

முதல்ல ஒரு சமாச்சாரம். டைனோசருக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த டைனோவுக்கு கிரேக்கத்தில் 'பயங்கரமான'ன்னு அர்த்தம். இந்த டைனோவுக்கு 'சுழல்'. ஃபிளாஜெல்லம்னா லத்தீனில் சாட்டை. சாட்டையைச் சுழற்றி நீந்துகிற ஒற்றைச் செல் உயிரி, அவ்வளவுதான். இந்த வம்சத்தில் ஒருத்தரை நீங்க ஏற்கெனவே பார்த்திருப்பீங்க. 2019 ஆகஸ்ட் 18 ராத்திரி சென்னை திருவான்மியூர் பக்கம் அலையெல்லாம் நீலமா எரிஞ்சுதே, 2024 அக்டோபரில் மறுபடியும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டம் கூடுச்சே, அது நாக்டிலூகா. டைனோஃபிளாஜெல்லேட்தான். கும்பளங்கி நைட்ஸ் படத்தில் 'கவரு'ன்னு காட்டுவாங்களே, அந்த மாதிரி ஒளி. அது தண்ணியில் மிதக்கிற ஜாதி. பேரும் புகழும் அதுக்குத்தான். ஆனா இதே குடும்பத்தில் மிதக்கவே மிதக்காம, கரை மணலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பிரியுற கூட்டம் ஒண்ணு இருக்கு. நான் சொல்ல வந்தது அதைப் பத்தி.

காரைக்கால்மேட்டில் பிறந்தவனுக்கு மணல் என்னங்க புதுசு? வலை காயுறது மணலில், கட்டுமரம் ஏத்தி வெச்சது மணலில், நாங்க கிரிக்கெட் ஆடினது மணலில். ஆனா ஒரு மணல் துகள் பக்கத்தில் இன்னொரு மணல் துகளை வெச்சா நடுவில் ஒரு சந்து வரும். அந்தச் சந்தில் தண்ணி நிக்கும். அந்தத் தண்ணியில் ஊரே குடியிருக்கு. கணக்கு பார்ப்போம். நம்ம கரை மணல் துகள் ஒண்ணு கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் இருக்கும். ஆம்ஃபிடினியம்னு ஒரு இனம், அதில் கார்ட்டரே என்கிற வகை 10 முதல் 20 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஐம்பதிலிருந்து நூறு பேரை வரிசையில் நிறுத்தலாம். மணல் துகள் வீடுன்னா இது வீட்டு வாசலில் சைக்கிள்.

சந்துக்குள் போய்வரணும்னா உருண்டையா இருந்தா ஆகாது. அதனால மணல் ஜாதியில் பெரும்பாலானவங்க தட்டையா இருப்பாங்க. மிதக்கிற சொந்தக்காரங்களுக்குக் கொம்பு, இறக்கைன்னு அலங்காரமெல்லாம் உண்டு, சீக்கிரம் மூழ்காம இருக்க. இவங்களுக்கு அது தேவையே இல்லை. ரெண்டு சாட்டை. ஒண்ணு இடுப்புல ஒட்டியாணம் மாதிரி ஒரு பள்ளத்தில் சுத்தி ஓடும், உடம்பைச் சுழற்ற. இன்னொண்ணு பின்னாடி வால் மாதிரி, தள்ள. ஆம்ஃபிடினியத்துக்குத் தலைப்பகுதி ரொம்பச் சின்னது, நாக்கு நுனி மாதிரி, அதுவும் இடது பக்கம் சாஞ்சு இருக்கும். ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறதே அந்தச் சாஞ்ச தலையை வெச்சுத்தான்.

புரோரோசென்ட்ரம்னு இன்னொரு இனம். இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. செல்லுலோஸில் ரெண்டு தகடு, ரெண்டும் சேர்ந்து மூடின பெட்டி. பார்த்தா அச்சு அசல் மட்டி! மட்டி சாப்பிடுற தீனிகளில் ஒண்ணு மட்டி மாதிரியே இருக்குன்னா என்ன சொல்றது. இதில் லைமா என்கிற வகை பிசின் மாதிரி ஒண்ணைச் சுரந்து மணலிலும் பாசியிலும் ஒட்டிக்கும். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்குங்க, அப்புறம் வேணும்.

இவங்களைப் பார்க்கணும்னா என்ன பண்றது? மணலை அப்படியே நுண்ணோக்கியில் வெச்சா மணல்தான் தெரியும். 1964இல் ஊலிக் என்கிற ஜெர்மன்காரர் ஒரு வழி சொன்னார். அசந்து போயிட்டேன், அவ்வளவு எளிது. ஒரு குழாயின் அடியில் மெல்லிய வலைத்துணி கட்டி, உள்ளே ஈர மணல் போட்டு, மேலே பஞ்சு வெச்சு, அதுக்கு மேலே உறைஞ்ச கடல்நீரை உடைச்சுப் போடணும். அடியில் ஒரு தட்டில் கொஞ்சம் கடல்நீர். ஐஸ் உருக உருக மேலிருந்து உப்பும் குளிரும் மாறிக்கிட்டே இறங்கும், மணலுக்குள் இருக்கிற ஜீவன்களெல்லாம் இது நமக்கு ஆகாதுன்னு கீழே கீழே ஓடி, தட்டில் வந்து விழும். மணல் மேலேயே நின்னுடும். எங்க வீட்டில் இது தண்ணி பாட்டில், பழைய நைலான் சேலைத் துண்டு, அரசலாறு முகத்துவாரத்து மணல். ஃப்ரீசரில் கடல்தண்ணி டப்பாவைப் பார்த்துட்டு அம்மா கேட்டதை இங்கே எழுத முடியாது.

நுண்ணோக்கி பழசு, ஒரு காலேஜ் லேப் கழிச்சுக்கட்டினது, நானூறு மடங்கு வரை காட்டும். தட்டில் வந்தவங்களில் பெரும்பாலும் டயாட்டம்தான். கண்ணாடிப் படகு மாதிரி மெதுவா வழுக்கிட்டு போவாங்க. நூல் புழு ரெண்டு. நடுவில் திடீர்னு ஒருத்தர், தங்கப் பழுப்பு நிறத்தில், நேரா போய் நின்னு, ஒரு குலுக்கு குலுக்கி, திசை மாத்தி ஓடினார். இடது பக்கம் சாஞ்ச சின்னத் தலை. ஆம்ஃபிடினியம்! ராத்திரி பதினொரு மணி. வீட்டில் முழிச்சிருந்தது ஆயா மட்டும்தான்.

"ஆயா, இங்க வந்து பாரு."

ரொம்ப நேரம் ஒத்தைக் கண்ணை மூடிப் பார்த்துச்சு. "என்னடா இது, அரிசில வர்ற பூச்சிய விட வேகமா ஓடுது."

"நீ மட்டி பொறுக்குற மணல்ல இருந்தது ஆயா."

"இருந்துட்டுப் போவுது, அதுக்கும் வயிறு இருக்குல்ல."

ஆயா சொன்னது பாதி சரி. வயிறு கிடையாது, ஆனா பசி உண்டு. சில வகை செடி மாதிரி வெயிலில் சமைச்சுக்கும். சில வகை பக்கத்து டயாட்டத்தை விழுங்கும். சிலது ரெண்டும் செய்யும். செடியா விலங்கான்னு கேட்டு தாவரவியல்காரங்களும் விலங்கியல்காரங்களும் நூறு வருஷத்துக்கு மேல தனித்தனிப் புத்தகத்தில் தனித்தனி விதிப்படி இதுக்குப் பேர் வெச்சுக்கிட்டு இருந்தாங்க.

மணல்வாசிகளை ஒழுங்கா கவனிச்ச ஆரம்ப ஆட்களில் ஒருத்தருக்கும் நம்ம பக்கத்துக் கடலுக்கும் தொடர்பு உண்டு. வில்லியம் ஹெர்ட்மேன், லிவர்பூல் பேராசிரியர். 1902இல் இலங்கை மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு ஏன் பொய்த்துப் போகுதுன்னு ஆராய வந்தவர். அவரோட அறிக்கை 1903இலிருந்து 1906 வரை அஞ்சு தொகுதியா வந்தது. கூட வந்த உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல், பிற்பாடு சென்னை மாகாண மீன்துறைக்கே இயக்குநர் ஆனார். ஊர் திரும்பின ஹெர்ட்மேன் 1911இல் ஐல் ஆஃப் மேன் தீவில், போர்ட் எரின் கடற்கரையில், தண்ணி வத்தின மணலில் பழுப்பும் பச்சையுமா திட்டுத் திட்டா நிறம் பார்த்தார். அள்ளிப் பார்த்தால் லட்சக்கணக்கில் ஆம்ஃபிடினியம். அவர் பொண்ணு கேத்தரின் ஹெர்ட்மேன் 1920களில் அதே கரையில் உட்கார்ந்து எந்த வகை எப்போ வருதுன்னு தொடர்ந்து எழுதினாங்க. அந்த வகைக்கு ஹெர்ட்மேன் பேரையே வெச்சாங்க, 1921இல். முத்துச்சிப்பி தேடி நம்ம கடலுக்கு வந்த மனுஷன் கடைசியில் பேர் வாங்கினது சொந்த ஊர் மணலில்!

அந்த நிறத் திட்டு வந்து போறதுக்குக் காரணம், இவங்க மணலுக்குள் மேலேயும் கீழேயும் போய்வர்றதுதான். பகலில் தண்ணி வத்தும்போது மேலே வந்து வெயில் காயும். வெள்ளம் ஏறுறதுக்கு முன்னாடி கீழே இறங்கிடும், இல்லைன்னா அலை அடிச்சுக்கிட்டு போயிடும். ஓதத்தின் நேரம் தினமும் முக்கால் மணி நேரம் போல தள்ளிப் போகும், அதையும் கணக்கில் வெச்சுக்கிட்டு. போர்ட் எரினில் ஓத ஏற்ற இறக்கம் பல மீட்டர். நம்ம காரைக்கால் பக்கம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால திட்டு சின்னதா, முகத்துவாரத்து ஒதுக்குப்புறமாத்தான் தெரியும்.

இப்போ உள்ளே திறந்து பார்ப்போம். என் பிழைப்பு மென்பொருள், அதனால இந்த இடத்தில் கொஞ்சம் நின்னுட்டுப் போறேன், பொறுத்துக்குங்க. நம்ம செல்லில் குரோமோசோம் பிரியுற நேரத்தில்தான் சுருண்டு கெட்டியாகும், மத்த நேரம் நூலா அவிழ்ந்து கிடக்கும். இதுக்கு எப்பவும் சுருண்டேதான் இருக்கும். சிலதுக்கு மரபணுத் தொகுதியின் நீளம் மனுஷனை விடப் பல மடங்கு. நமக்கு 300 கோடி எழுத்து, இந்த வம்சத்தில் 20,000 கோடியைத் தாண்டினவங்க இருக்காங்க. ஒத்தைச் செல்லுக்கு! யாரோ பழைய கோடை அழிக்காம காப்பி பேஸ்ட் பண்ணிக்கிட்டே வந்த ப்ராஜெக்ட் மாதிரி. பசுங்கணிகம் சொந்தம் கிடையாது, எப்பவோ ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி உள்ளேயே வெச்சுக்கிட்டது. அந்தப் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ-வைக் கூட ஒரே வளையமா வெச்சுக்காம, ஒரு மரபணுவுக்கு ஒரு குட்டி வளையம்னு பிச்சுப் பிச்சு வெச்சிருக்கு. 1999இல்தான் இதைக் கண்டுபிடிச்சாங்க. நாம மைக்ரோசர்வீஸ்னு இப்போ பெருமை பேசுறோம். செல் கருவிலிருந்து வெளியே போற ஒவ்வொரு செய்தி ஆர்.என்.ஏ தலையிலும் ஒரே 22 எழுத்து ஹெடர் வேற ஒட்டி அனுப்புது. எந்த ஆர்க்கிடெக்ட் இதுக்கு ஒப்புதல் கொடுத்தாரோ!

சரி, வாழ்க்கைக்கு வருவோம். சாதாரண நாளில் ஒரு செல் ரெண்டாகும், அவ்வளவுதான். நல்ல வெயில், நல்ல உரம் கிடைச்சா ஆம்ஃபிடினியம் கார்ட்டரே ஒரு நாளைக்கு ஒரு தடவை பிரியும். ஒண்ணு பத்து நாளில் ஆயிரம், இருபது நாளில் பத்து லட்சம். (மேய ஆள் இல்லைன்னா. ஆள் எப்பவும் இருக்கும்.) சில வகை சாட்டையைக் கழற்றிப் போட்டுட்டு, கண்ணாடி மாதிரி மெல்லிய உறைக்குள் உட்கார்ந்து, உள்ளேயே பிரிஞ்சு, புது ஆட்களா வெளியே வரும்.

நேரம் கெட்டுப்போனால் கதை மாறும். உரம் தீர்ந்தது, குளிர் வந்ததுன்னா வம்சத்தில் பல வகை இணைய ஆரம்பிக்கும். நம்மைப் போல இல்லாம இவங்களுக்கு சாதாரண நாளில் குரோமோசோம் ஒரு செட்தான். ரெண்டு செல் சேர்ந்தால் ரெண்டு செட் ஆகும், வால் சாட்டையும் ரெண்டாகும். அப்படியே கொஞ்ச நாள் நீந்திட்டு, தடிமனான ஓடு கட்டிக்கிட்டு, விதை மாதிரி அடியில் விழுந்து தூங்கிடும். சிஸ்ட்னு சொல்றாங்க, நான் விதைன்னே சொல்றேன். இந்த இடத்தில்தான் மிதக்கிற ஜாதியும் மணலுக்கு வருது. மணல்வாசி நிரந்தரக் குடித்தனம். மிதக்கிறவங்களில் பல பேர் தூங்குறதுக்கு மட்டும் நம்ம சேத்துக்கும் மணலுக்கும் வர்ற வாடகைக்காரங்க.

எவ்வளவு நாள் தூங்கும்? 2011இல் ஸ்வீடனில் ஒரு கடல்கழி அடியில், சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி படிஞ்ச சேத்திலிருந்து விதைகளை எடுத்து வெளிச்சமும் உரமும் கொடுத்தாங்க. முளைச்சுது. நீந்துச்சு. நூறு வருஷம்! ஓடு அவ்வளவு கெட்டி. செத்துப்போன விதையின் ஓடு கோடிக்கணக்கான வருஷம் கல்லிலேயே நிக்கும். எண்ணெய் தேடுறவங்க துளை போட்டு எடுக்கிற பாறையின் வயசைக் கணிக்க இந்த ஓடுகளையும் பார்க்குறாங்க, உலகம் முழுக்க. நெரவியில் ஓ.என்.ஜி.சி வாசலைத் தாண்டி எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன், எண்ணெய் தேடலுக்கும் என் மணல் பூச்சிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கும்னு நினைச்சதில்லை.

2004 டிசம்பர் 26 எனக்கு ஏழு வயசு. மறுபடி வீட்டுக்குப் போனப்போ கூடத்தில் முழங்காலுக்குக் கீழே கறுப்புச் சேறு. அது கரை மணல் இல்லை, கடல் அடியைக் கிளறி வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் மம்பட்டியால் அள்ளி அள்ளித் தெருவில் போட்டாங்க. அந்த மாதிரிச் சேத்தில்தான் விதைகள் தூங்கும். அதை நினைச்சா இப்பவும் மூக்கில் அந்த வாடை.

விதை முளைக்கிறது பிரச்சினை இல்லை. எது முளைக்குது என்பதுதான். கல்பாக்கம் பக்கத்தில், பாலாறு கடலில் சேருற இடத்தில் வயலூர்னு ஒரு ஊர். 1981இல் அங்கே மட்டி சாப்பிட்டவங்களில் மூணு பேர் செத்துப் போனாங்க, எண்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரியில். 1997இல் கேரளா விழிஞ்ஞத்தில் கல்லில் ஒட்டுற ஆளி சாப்பிட்டு ஏழு பேர். ரெண்டுமே டைனோஃபிளாஜெல்லேட் விஷம். அலெக்ஸாண்ட்ரியம், ஜிம்னோடினியம் காட்டெனேட்டம் மாதிரி சில வகை சாக்ஸிடாக்ஸின்னு ஒண்ணு தயாரிக்கும். மட்டி தண்ணியை வடிகட்டித் தின்னும், நாள் பூரா. விஷம் மட்டியை ஒண்ணும் பண்ணாது, உள்ளே சேர்ந்துக்கிட்டே இருக்கும். சாப்பிட்டவங்களுக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் உதடு மரத்துப் போகும், நாக்கு, அப்புறம் கை விரல். முத்திப் போச்சுன்னா மூச்சு விடுற தசையே வேலை செய்யாது. மாற்று மருந்து கிடையாது. மூச்சை மெஷினில் ஓட்டிக் காப்பாத்தலாம், ஒரு நாள் தாண்டிட்டா பெரும்பாலும் பிழைச்சுக்குவாங்க. எவ்வளவு வேகவெச்சாலும் போகாது, புளி ஊத்தினாலும் போகாது. ருசி, வாடை எதிலேயும் தெரியாது. உலக அளவில் வெச்சிருக்கிற வரம்பு ஒரு கிலோ சதைக்கு 0.8 மில்லிகிராம்.

ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, புரோரோசென்ட்ரம் லைமா. அது தயாரிக்கிறது ஒகடாயிக் அமிலம். யாரையும் கொல்லாது, வயித்தைக் கலக்கி ரெண்டு மூணு நாள் படுக்க வெச்சுட்டுப் போயிடும். அதனாலேயே யாரும் கண்டுக்கிறதில்லை. "சாப்பாடு ஒத்துக்கலை"ன்னு ஒரு சோடா, ஒரு மாத்திரை. ரிஜிஸ்டரில் எங்கேயும் ஏறாது.

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன். ஏன்னா எங்க ஆயா முகத்துவாரத்தில் மட்டி பொறுக்கி, கூறு போட்டு வித்துத்தான் என் முதல் செமஸ்டர் ஃபீஸில் ஒரு பங்கு கட்டுச்சு. 'கடலில் விஷம்'னு ஒரு தலைப்பு வந்தா மட்டி மட்டும் விக்காம போகாது, மீனும் சேர்ந்து விக்காது. பத்து நாள் மொத்த ஊரும் கையைக் கட்டி உட்காரணும். கூடை சுமக்கிற பொம்பளைங்கதான் முதல்ல அடி வாங்குவாங்க. அதனால பிரிச்சே சொல்லிடறேன். மட்டி, ஆளி மாதிரி வடிகட்டித் தின்னுறதில்தான் இந்த ரெண்டு விஷமும் சேருது. மீனின் சதையில் இல்லை. சேர்ந்தாலும் குடலில்தான், அதை நாம ஆய்ஞ்சு தூக்கிப் போட்டுடறோம். கடல் நீலமா எரியுதேன்னு பயப்படவும் வேணாம், நாக்டிலூகா இந்த விஷத்தைத் தயாரிக்காது. ஆனா அது கூட்டமா பெருகிச் செத்தா தண்ணியில் காத்து இல்லாம போய் மீன் செத்து ஒதுங்கும், 2008இலும் 2019இலும் மன்னார் வளைகுடாவில் ஆன மாதிரி. அப்படித் தானா செத்து ஒதுங்கினதை எடுக்காம இருந்தா சரி.

ஆயாகிட்ட இதைத்தான் சொன்னேன். கால் மேல கால் போட்டு வெத்தலை மடிச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"அப்ப மட்டியே பொறுக்காதேங்குறியா?"

"இல்ல ஆயா. தண்ணி செவப்பாவோ பழுப்பாவோ பச்சையாவோ நெறம் மாறினா விட்டுடு. நெறம் போனப்புறமும் ரெண்டு மூணு வாரம் தொடாத. மட்டிக்குள்ள இருக்குறது கழியணும்."

"மழத்தண்ணி எறங்குனாலும்தான் ஆறு நெறம் மாறுது. அது எது இது எதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஆத்து வெள்ளம்னா மண் கலங்கல், ஒரு டம்ளரில் பிடிச்சு வெச்சா அடியில் மண் படியும். உயிர் பெருகினதுன்னா படியாது, வெளிச்சம் பக்கம் திரண்டு நிக்கும், இல்லைன்னா மேலே ஏடு மாதிரி கட்டும். பெரும்பாலும் இது போதும். ஆனா முழுசா நம்ப முடியாது, ஏன்னா நிறமே மாறாத அளவு செல் இருந்தாலும் மட்டியில் விஷம் ஏறலாம். கேரளாவிலோ இங்கேயோ மட்டி பொறுக்குற ஒவ்வொரு முகத்துவாரத்திலும் வாரம் ஒரு தடவை சதையை எடுத்துச் சோதிச்சு, போர்டு எழுதி வெச்சா ஆயா கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஐரோப்பாவில் அறுவடைப் பகுதிகளைச் சோதிச்சுத்தான் திறக்குறாங்க, மூடுறாங்க. ஆயா பொறுக்குற மட்டி ஏற்றுமதிக்குப் போறதில்லை, வீதிக்குப் போறது. அதுதான் வித்தியாசம்.

அதுவரைக்கும் எங்க தெருவில் எல்லார்கிட்டேயும் ஒரே ஒரு விஷயம் சொல்லி வெச்சிருக்கேன். மட்டி சாப்பிட்ட பிறகு உதடு மரத்தா, அது காரம் இல்லை. தூங்கி எந்திரிச்சா சரியாகும்னு படுக்காதீங்க, உடனே பெரியாஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்புங்க, போனதும் 'மட்டி சாப்பிட்டேன்'னு வாயைத் திறந்து சொல்லுங்க. மிச்சம் இருக்கிற மட்டியை ஒரு கவரில் கட்டி எடுத்துட்டுப் போங்க.

ஆயா அடுத்த நாளே ஒரு பழைய கண்ணாடி டம்ளரை மட்டிக் கூடையில் போட்டு எடுத்துட்டுப் போச்சு. சாயந்திரம் திரும்பி வந்து, "ஒண்ணும் திரளல, மண்ணுதான்"னு சொல்லிட்டு கூறு போட உட்கார்ந்துடுச்சு.